‘டெஸ்டிட்யூட்’: நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் போன சொல்

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் போய் “டெஸ்டிட்யூட் சர்ட்டிபிகேட்டுக்கு எழுதணும்” என்று ஒரு பெண் சொன்னால், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்கும் முதல் கேள்வி இது: “தவறிட்டாங்களா, இல்ல வுட்டுட்டுப் போயிட்டாங்களாம்மா?” கும்பகோணமோ மன்னார்குடியோ சீர்காழியோ, காகிதம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கும். நிலம் எவ்வளவு, வருமானம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். அகராதியைப் புரட்டினால் ‘வறிய, வாழ வழியற்ற’ என்று போட்டிருக்கும். அதுவும் சரிதான். ஆனாலும் அந்தச் சொல்லின் பிறப்பிடத்துக்குப் பக்கத்தில் நிற்பது அகராதியைவிட மனு எழுதுபவரின் கேள்விதான்.

லத்தீனில் ‘டெஸ்டிடுவேரெ’ என்றொரு வினை. ‘டெ’ என்பது விலகி, அப்பால் என்று பொருள்தரும் முன்னொட்டு. ‘ஸ்டாடுவேரெ’ என்றால் நிறுத்து, நாட்டு. அதற்கும் அடியில் கிடப்பது நிற்பதைக் குறிக்கும் ‘ஸ்டா’ என்ற மிகப் பழைய வேர். ஸ்டாண்ட், ஸ்டேட், ஸ்டேட்டஸ், ஸ்டேச்சு எல்லாம் அதில் படர்ந்த கொடிகள். முன்னொட்டை மாற்ற மாற்றப் பொருள் மாறும். உள்ளே நாட்டினால் இன்ஸ்டிட்யூட். கூட்டி நிறுத்தினால் கான்ஸ்டிட்யூஷன். ஒருவர் இடத்தில் இன்னொருவரை நிறுத்தினால் சப்ஸ்டிட்யூட். பழையபடி தூக்கி நிறுத்தினால் ரெஸ்டிட்யூஷன். கொண்டுபோய் நிறுத்திவிட்டு நகர்ந்துவிட்டால் டெஸ்டிட்யூட்.

தமிழ் தெரிந்தவருக்கு இதற்கு உரை வேண்டாம். நில் என்பதிலிருந்து நிலை வந்தது, நிறுத்து வந்தது, நிறுவு வந்தது, இன்ஸ்டிட்யூட்டுக்கு நாம் வைத்த நிறுவனமும் வந்தது. இரண்டு மொழிக்கும் ரத்த உறவு ஏதும் கிடையாது. நிற்பதை வைத்தே வாழ்வை அளக்கும் பழக்கம் மட்டும் இரண்டிலும் ஒன்று. தஞ்சாவூர்ப் பக்கம் “புள்ள குட்டியோட நடுத்தெருவுல நிறுத்திட்டான்” என்பார்கள். அந்த வாக்கியத்தை லத்தீனில் ஒரே சொல்லாகச் சுருக்கினால் கிடைப்பது இதுதான். லத்தீனிலும் முதலில் ‘தனியே நிறுத்து’ என்ற வெறும் செயலாக இருந்து, பிறகு ‘கைவிடு’, ‘நம்பியவரை ஏமாற்று’ என்று போயிருக்கிறது.

ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டும். ‘டெஸ்டிடூட்டுஸ்’ என்பது செயப்பாட்டு எச்சம்: நிறுத்திவிட்டுப் போகப்பட்ட. அப்படியென்றால் விட்டுப்போனவன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் சொல்லில் இல்லையே தவிர, அவன் காலடித் தடம் இருக்கிறது. ‘ஏழை’ என்று சொல்லும்போது அப்படி யாரும் பின்னால் தெரிவதில்லை.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் வந்தது 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். வந்தபோது ‘கைவிடப்பட்ட’ என்ற பொருளோடுதான் வந்தது. அது எப்படி ‘சோற்றுக்கில்லாத’ என்று ஆனது? இடையில் ஒரு சின்ன இலக்கணப் பாலம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘ஆஃப்’ என்ற உருபைப் போட்டு, இன்னது இல்லாத என்று சொல்லலாம். நண்பர்களால் கைவிடப்பட்டவன் என்பது நண்பர்கள் அற்றவன் ஆகும். நம்பிக்கை அற்றவன் ஆகும். பிறகு உணவு அற்றவன், உடை அற்றவன். 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் உருபும் உதிர்ந்துவிட்டது. எது இல்லை என்று சொல்லாமலே எதுவுமே இல்லாதவன் என்று பொருள் கொள்ளத் தொடங்கினார்கள். கைவிட்டவன் மறைந்தான், வெறுங்கை மட்டும் மிஞ்சியது.

இந்த இடமாற்றம் ஆங்கிலத்தில் நடந்த அளவுக்குப் பிரெஞ்சில் நடக்கவில்லை. அங்கே ‘டெஸ்டிட்யூவே’ என்றால் இன்றும் பதவியிலிருந்து இறக்கு, வேலையிலிருந்து நீக்கு என்றுதான் பொருள். ‘டெஸ்டிட்யூசியோன்’ என்றால் பதவி நீக்கம். தரங்கம்பாடிக்கும் காரைக்காலுக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது. நூறு ஆண்டுக்கும் மேலாக, கடற்கரையோரம் இருந்த இந்த இரண்டு ஊர்களின் ஆட்சிமொழிகளில் ஒரே சொல்லுக்கு ஒருபக்கம் கஞ்சிக்கு இல்லாதவர் என்றும், மறுபக்கம் நாற்காலி பறிபோனவர் என்றும் பொருள். பிரெஞ்சுக் கோப்பில் இந்தச் சொல்லைப் பார்த்து ஏழைகளைப் பற்றியது என்று எண்ணினால், யாரோ ஒரு குமாஸ்தாவை வேலையைவிட்டு நீக்கிய உத்தரவாக இருக்கும்.

தரங்கம்பாடியை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்ல வேண்டும். 1706-இல் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு, 1714-15-இல் அங்கேயே அச்சானது. இன்று பரவலாகப் படிக்கப்படும் தமிழ் பைபிள் அதற்கு மிகவும் பின்னால் வந்தது. மூலம் எபிரேயமும் கிரேக்கமும் என்பதால் ஆங்கிலத்தை வைத்துத் தமிழை அளக்கக் கூடாது; ஆனாலும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று தெரியும். 1611-ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் 102-ஆம் சங்கீதத்தில் ஒரு ‘டெஸ்டிட்யூட்’ வருகிறது. யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இன்னொன்று. அதே இடங்களில் தமிழில் முதலாவது ‘திக்கற்றவர்களுடைய ஜெபத்தை’. இரண்டாவது ‘அநுதின ஆகாரமில்லாமலும்’. ஒன்றில் ஆளில்லை, மற்றதில் சோறில்லை. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதைத் தமிழ் தனித்தனியாகவே வைத்திருக்கிறது.

அது தற்செயலாக நேர்ந்ததாகத் தோன்றவில்லை. ‘துறந்தார்க்கும் துவ்வா தவர்க்கும் இறந்தார்க்கும்’ இல்வாழ்பவன் துணை என்கிறது 42-ஆம் குறள். துறந்தார் என்றால் துறவி என்றுதான் நாம் படிப்போம். பரிமேலழகர் அப்படிப் படிக்கவில்லை. ‘களைகணானவரால் துறக்கப்பட்டார்’ என்று உரை சொல்கிறார். களைகண் என்றால் பற்றுக்கோடு, காப்பவர். காக்க வேண்டியவர்களே விட்டுப்போனவர் என்று பொருள். அடுத்த சொல்லான துவ்வாதவருக்கு ‘நல்கூர்ந்தார்’, அதாவது வறியவர். துய்ப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்தான் துவ்வாதவர். பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த ஓர் உரையாசிரியர் இரண்டு ஆட்களை இரண்டு வரிசையில் நிறுத்துகிறார்: கைவிடப்பட்டவர் ஒருவர், இல்லாதவர் ஒருவர். லத்தீன் சொல்லின் முதல் பாதியும் ஆங்கிலச் சொல்லின் பிற்பாதியும் இதில் அடங்கிவிட்டன. அவர் உரை இலக்கணப்படி சரியா என்று புலவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். சமூகத்தைப் பார்த்த கண் கூர்மையானது.

இரண்டையும் இணைக்கும் காரணமும் பழைய பாட்டுகளில் இருக்கிறது. நல்குரவு அதிகாரத்தில் 1047-ஆம் குறள், அறத்தோடு சேராத வறுமை வந்தவனை ‘ஈன்ற தாயானும் பிறன்போல நோக்கப் படும்’ என்கிறது. மூதுரையின் ‘அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவை’ எல்லாருக்கும் மனப்பாடம். தண்ணீர் வற்றினால் நாரை பறந்துவிடும். கொட்டியும் ஆம்பலும் சேற்றோடு சேற்றாகக் கிடக்கும். இல்லாமை முதலில் வருகிறது, கைவிடுதல் பின்னால் வருகிறது. ஆங்கிலச் சொல் நடந்த பாதைக்கு இது நேர் எதிர்த்திசை. இரண்டு திசையிலும் ஊரில் ஆட்களைக் காட்ட முடியும்.

குளத்தைப் பற்றிச் சொன்னதும் ‘அற்ற’ என்பதையும் பார்த்துவிடலாம். அறு என்றால் துண்டாகு, இல்லாமல் போ. கயிறு அறுவதுபோல. ஆகவே ‘ஆதரவற்ற’ என்பதில் ஆதரவு முன்பு இருந்து அறுந்துபோனது என்ற சாயல் இருக்கிறது. வெறும் ‘இல்லாத’ என்பதைவிட ஒரு பிடி கூடுதல். திக்கற்ற, கதியற்ற, நாதியற்ற என்று இந்தக் குடும்பம் பெரியது. எதிலும் பணம் அறுந்ததாக இல்லை. போக ஒரு திசை, ஒதுங்க ஒரு புகல், கேட்க ஓர் ஆள் இவைதான் அறுந்திருக்கின்றன. ‘அகதி’யும் ஒருகாலத்தில் இதே வரிசையில் கதியற்றவர் என்ற பொருளில் இருந்த சொல்தான். இன்று நாடு விட்டு வந்தவருக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம்.

பொருளில்லாமையைச் சொல்லும் வரிசை வேறு. அதில் முதல் சொல்லான வறுமை, வறள், வறட்சி, வறண்ட என்பவற்றோடு ஒரே வேர். டெல்டாவில் இதற்கு விளக்கம் தேவையில்லை. மேட்டூர் ஜூன் 12-இல் திறக்காத ஆண்டுகளில் வயலும் கையும் ஒன்றாகவே காயும். “கை கொஞ்சம் வறட்சி” என்பது கடன் கேட்க வந்தவர் முதலில் சொல்லும் நாசூக்கு. அதற்கு ஒரு படி மேலே ‘பத்தல’. இது பற்றாது என்பதன் பேச்சு வடிவம், பற்றாக்குறையும் இதிலிருந்துதான். அடுத்து ‘முடை’. அதற்கும் அடுத்து ‘கஞ்சிக்கு வழியில்ல’. இந்தப் படிகளில் ஏறி இறங்குகிறவர்களை எல்லாம் யாரும் டெஸ்டிட்யூட் என்று சொல்வதில்லை. கடைசிப் படியில் வாசகமே மாறும்: “கேக்க நாதியில்ல.”

பாப்பரும் மஞ்சள் கடுதாசியும்

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பங்காளிகள் உண்டு. அவர்களில் ஒருவர் நம் ஊரிலேயே குடியேறிவிட்டார். ‘பாப்பர்’ என்ற சொல் கோர்ட்டு வழியாகக் கடைவீதிக்கு வந்து, மஞ்சள் கடுதாசி கொடுத்தவரையும் சொத்தெல்லாம் போனவரையும் ஒன்றாகக் குறிக்கும் வசையாகிவிட்டது. சட்டப்படி அவை வேறு வேறு. மஞ்சள் கடுதாசி என்பது கடனைக் கட்ட முடியாது என்று திவால் மனு போடுவது. பாப்பர் மனு என்பது வழக்குப் போட கோர்ட்டுக் கட்டணம் கட்ட வழியில்லை என்று சொல்வது.

பாப்பரின் வேர் சுவையானது. கொஞ்சம் என்று பொருள்தரும் ஒரு வேரும், ஈனுதலைக் குறிக்கும் ஒரு வேரும் சேர்ந்து ‘கொஞ்சமாக விளைவது’ என்று ஆனதாகச் சொல்வார்கள் சொல்லாய்வாளர்கள். ‘புவர்’ என்பதும் இதே சொல்தான், பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது. அறுவடை முடிந்ததும் ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது என்று பார்ப்பதற்கு நம்மிடம் கண்டுமுதல் என்ற சொல் இருக்கிறது. பாப்பர் என்பவர் கண்டுமுதல் குறைந்தவர். டெஸ்டிட்யூட்டுக்கு இருக்கும் கைவிடப்பட்ட சாயல் இதில் இல்லை. இது விளைச்சல் கணக்கு.

‘இண்டிஜெண்ட்’ என்பது தேவையில் இருப்பவர் என்ற நேரான லத்தீன். ‘நீட்’ என்பது முதலில் கட்டாயம், நெருக்கடி என்ற பொருளில் இருந்தது. ‘வாண்ட்’ மட்டும் மொழிபெயர்ப்பாளர்களின் காலை வாரிவிடும். பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தபோது அதற்குக் குறைபடு, இல்லாமலிரு என்றுதான் பொருள். விரும்பு என்பது பல நூற்றாண்டுகள் கழித்து ஒட்டிக்கொண்டது. பழைய பொருள் கோர்ட்டு ஆங்கிலத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது; ‘ஃபார் வாண்ட் ஆஃப் எவிடென்ஸ்’ என்றால் சாட்சியம் இல்லாததால். நம் அரசியலமைப்பின் 41-ஆவது பிரிவு வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகியவற்றோடு ‘தன் தவறில்லாமல் வந்த வாண்ட்’டுக்கும் அரசு உதவ வேண்டும் என்கிறது, அங்கேயும் இல்லாமைதான். 1941 ஜனவரியில் ரூஸ்வெல்ட் சொன்ன நான்கு சுதந்திரங்களில் மூன்றாவதை ‘விருப்பத்திலிருந்து விடுதலை’ என்று பெயர்த்தால், அமெரிக்க அதிபர் போதி மரத்தடியில் உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும்.

சரி, பாப்பர் மனுவுக்கு வருவோம். அத்தியாவசியம் என்றால் என்ன என்பதற்குச் சட்டம் போட்ட பட்டியல் அந்த வழியில்தான் கிடைக்கும். 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 33-ஆவது கட்டளை இதைப் பற்றியது. 1976 திருத்தத்தில் பாப்பர் என்ற சொல்லை எடுத்துவிட்டு இண்டிஜெண்ட் என்று போட்டார்கள். வக்கீல் குமாஸ்தாக்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கட்டணம் கட்டப் போதிய வசதி இல்லாதவர் என்பதுதான் விதி. அந்த வசதியைக் கணக்கிடும்போது இரண்டைக் கழித்துவிட வேண்டும்: எந்தச் சொத்துக்காக வழக்கோ அந்தச் சொத்து, அப்புறம் ஜப்தி செய்யக்கூடாத சொத்து.

ஜப்தி செய்யக்கூடாதவை 60-ஆவது பிரிவில் இருக்கின்றன. ஜப்தி செய்யும் கோர்ட்டு ஊழியரான அமீனா, வீட்டு வாசலுக்கே வந்தாலும் கை வைக்க முடியாதவை: கடனாளி, மனைவி, பிள்ளைகளின் தேவையான உடுதுணி, சமையல் பாத்திரம், பாய், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை, நம் ஊரில் தாலி. கைவினைஞர் என்றால் அவருடைய கருவிகள். விவசாயி என்றால் உழவுக் கருவிகளும், பிழைப்புக்குத் தேவை என்று கோர்ட்டு கருதும் அளவுக்கு மாடும் விதைநெல்லும். விவசாயியோ கூலித் தொழிலாளியோ தான் குடியிருக்கும் வீடு.

விதைநெல் இந்தப் பட்டியலில் இருப்பது தஞ்சாவூர்க்காரருக்கு ஆச்சரியம் தராது. விதைநெல்லை அவித்துத் தின்றுவிட்டார்கள் என்றால் அந்தக் குடும்பத்துக்கு அடுத்த சாகுபடிப் பட்டம் இல்லை என்று அர்த்தம். எவ்வளவு விதை ‘தேவை’ என்பதும் பட்டத்துக்குப் பட்டம் மாறும். நாற்றுவிட்டு நடும் முறையில், குறுவைக்கான குறுகிய காலப் பயிருக்கு ஏக்கருக்கு 24 கிலோ, மத்திய காலப் பயிருக்கு 16, நீண்ட கால சம்பாவுக்கு 12 என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஒரு வேலி என்றால் 20 மா, சுமார் 6.6 ஏக்கர். அதே வேலிக்கு சம்பாவில் 80 கிலோ போதும். குறுவையில் 160 கிலோவை நெருங்கும். நேரடி விதைப்பு என்றால் இன்னும் கூடும். அத்தியாவசியம் என்பது எல்லாருக்கும் எப்போதும் ஒரே அளவு என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

பாப்பர் மனு தள்ளுபடியாவது பெரும்பாலும் சொத்துப் பட்டியலில்தான். அசையும் சொத்து, அசையாச் சொத்து எல்லாவற்றையும் மதிப்போடு எழுத வேண்டும். பங்காளிகளோடு பொதுவில் கிடக்கும் 30 குழித் திடலைத் ‘தனக்கில்லை’ என்று விட்டுவிட்டால், எதிர்க்கட்சி வக்கீல் சிட்டா அடங்கலோடு வந்து நிற்பார். மனுவுக்கு முந்தைய 2 மாதத்துக்குள் இதற்காகவே சொத்தைக் கைமாற்றியிருந்தால் மனு போச்சு. அனுமதி கிடைத்த பிறகு வசதி இருப்பது தெரிந்தால் அனுமதியை ரத்து செய்யலாம். பழைய சட்டத்தில் இதற்கு ‘டிஸ்பாப்பர்’ என்று பெயர். ஒருவரைப் பாப்பர் பதவியிலிருந்து இறக்குவது. பிரெஞ்சுக்காரர் கேட்டால் சிரிப்பார். இன்னொன்று, கட்டணம் மன்னிக்கப்படுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது தள்ளித்தான் வைக்கப்படுகிறது. ஜெயித்தால் அரசு வசூலித்துக்கொள்ளும்.

கைவிடப்பட்டவரும் ஆதரவற்றவரும்

இங்கிலாந்தில் 1806-இல் பாட்ரிக் கோல்கூன் என்ற லண்டன் மாஜிஸ்திரேட் ஒரு கோடு போட்டார். உழைத்தால்தான் சாப்பாடு என்ற நிலை ஏழ்மை. அது எல்லாச் சமூகத்திலும் இருப்பது, இருக்கவும் வேண்டியது. உழைத்தும் பிழைக்க முடியாத, அல்லது உழைக்கவே முடியாத நிலை வேறு. அதற்குத்தான் அரசு கவலைப்பட வேண்டும் என்றார். ஏழ்மை ‘இருக்க வேண்டியது’ என்பது பண்ணையார் பேச்சு. ஆனால் கோடு நிலைத்துவிட்டது. 1834-இன் ஏழைகள் சட்டம் முதற்கொண்டு, உதவி கேட்பவர் டெஸ்டிட்யூட்தானா என்று சோதித்துப் பார்ப்பது அதிகாரிகளின் வேலையானது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது இந்தச் சொல் சென்னை மாகாணத்தில் ரொம்பவும் புழங்கியது. காவிரித் தண்ணீர் இருந்ததால் தஞ்சாவூர் மாவட்டம் மற்றவற்றைப்போல் அடிபடவில்லை. வறண்ட மாவட்டங்களிலிருந்து ஜனங்கள் இங்கே நடந்து வந்தார்கள்.

தமிழ்நாட்டு ஓய்வூதியத் திட்டங்களில் இந்தச் சொல் உட்கார்ந்திருப்பது இந்த வழியில்தான். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 1975-இல் வந்தது. ஆதரவற்ற விவசாயக் கூலிகளுக்கானது 1981. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கானது 1986. ஆங்கிலச் சொல்லின் இரண்டு பாதிகளும் இரண்டு தனித் திட்டங்களாகப் பிரிந்திருப்பதைப் பாருங்கள். ‘கைவிடப்பட்ட’ என்பது லத்தீனுக்கு நேர் தமிழ். ‘ஆதரவற்ற’ என்பது அதன் விளைவு. மாதம் 1,000 ரூபாயாக இருந்த முதியோர், விதவை ஓய்வூதியம் 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ஆனது. மத்திய அரசின் விதவை ஓய்வூதியம் 40 வயதும் வறுமைக்கோட்டுப் பட்டியலும் கேட்கும்; அது இல்லாமையை அளக்கிறது. மாநிலத் திட்டத்தின் பெயரிலேயே இருப்பது ஆதரவு. அதனால்தான் விசாரணையில் நிலம் இருக்கிறதா என்பதோடு, பார்த்துக்கொள்ள மகன் இருக்கிறானா என்றும் கேட்பார்கள்.

கைவிடப்பட்டவர் என்று காட்ட 5 ஆண்டு பிரிந்திருக்க வேண்டும், அல்லது கோர்ட்டில் மணவிலக்கோ சட்டப்படியான பிரிவோ பெற்றிருக்க வேண்டும். வயது 30 ஆகியிருக்க வேண்டும். திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் ஆறு மாதமாகப் போனை எடுக்கவில்லை என்பது இந்தக் கணக்கில் வராது. அந்தப் பெண் நிஜத்தில் நடுத்தெருவில் நிற்பாள். காகிதத்தில் இன்னும் நான்கரை ஆண்டு பாக்கி இருக்கும்.

அரசு வேலைக்கான ‘ஆதரவற்ற விதவை’ சான்றிதழ் இன்னொரு விவகாரம். இதையும் ஓய்வூதிய ஆணையையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். டி.என்.பி.எஸ்.சி. அறிவுரைகளில் குடும்ப ஓய்வூதியம் உள்பட எல்லா வழியிலும் சேர்த்து மாத வருமானம் 4,000 ரூபாய்க்கு மிகாத விதவை என்று சொல்லியிருக்கிறது. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையில் தொகையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. மறுமணம் செய்தவர், மணவிலக்கானவர், கைவிடப்பட்டவர் இதில் வரமாட்டார்கள். கைவிடப்பட்டவர் டெஸ்டிட்யூட் ஆக மாட்டார் என்பதைக் கேட்டால் லத்தீன்காரருக்குத் தலை சுற்றும். சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ., சப்-கலெக்டர், உதவிக் கலெக்டர் ஆகியோருக்கு. தாசில்தார் கையெழுத்தோடு கொண்டுபோய்க் கொடுத்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் வாய்ப்பை இழப்பது, செய்யக்கூடாத தப்பு.

காகிதத்தில் சிக்குவது எப்போதும் பெயரில். இறப்புச் சான்றில் கலியமூர்த்தி, ஸ்மார்ட் கார்டில் கலியபெருமாள், வாரிசுச் சான்றில் இனிஷியல் வேறு. வி.ஏ.ஓ.விடமிருந்து ஆர்.ஐ., தாசில்தார், ஆர்.டி.ஓ. என்று கோப்பு மேலே போய்விட்டு இதற்காகவே கீழே வரும். கணவர் வீட்டிலேயே இறந்து யாரும் பதியாமல் விட்டிருந்தால் இன்னும் சிக்கல். 21 நாளுக்குள் பதிவது சுலபம், ஓராண்டு தாண்டினால் உரிய அதிகாரியின் ஆணை இல்லாமல் பதிய முடியாது.

பிரிட்டனில் இன்று இந்தச் சொல்லை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம். 1999-ஆம் ஆண்டின் குடியேற்ற, புகலிடச் சட்டம், போதிய தங்குமிடம் இல்லாதவரையும், தங்குமிடம் இருந்தும் மற்ற அத்தியாவசியங்களுக்கு வழியில்லாதவரையும் இப்பெயரால் குறிக்கிறது. ஜோசப் ரவுண்ட்ரீ அறக்கட்டளை 2016 முதல் பயன்படுத்தும் அளவுகோலில் ஆறு பொருள்கள்: தங்குமிடம், உணவு, வீட்டைச் சூடாக்குதல், விளக்கு, பருவத்துக்கேற்ற உடையும் செருப்பும், சோப்பு போன்ற கழுவும் பொருள்கள். முந்தைய ஒரு மாதத்தில் இவற்றில் இரண்டு கிடைக்காவிட்டால் டெஸ்டிட்யூட். உணவு இல்லை என்றால், இரண்டு நாளாவது நாளொன்றுக்கு இரண்டு வேளைகூடச் சாப்பிடாதது. சூடோ விளக்கோ இல்லை என்றால் ஐந்து நாள். சூடாக்குதலை எடுத்துவிட்டு ஐப்பசி அடைமழையில் ஒழுகாத கூரை என்று போட்டால் வேதாரண்யத்துக்கும் பொருந்தும். ஆனால் ஆறிலும் ‘ஆள்’ என்று ஒரு வரி கிடையாது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்த பிறகு பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தார்கள். புதுக்கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டாவது ஆகும். கூரை போனது, விளக்கு பல நாள் வரவில்லை. பிரிட்டன் அளவுகோலில் வரிக்கு வரி டெஸ்டிட்யூட். அவர்களைத் தமிழில் ‘ஆதரவற்றவர்’ என்று யாரும் எழுதவில்லை. ‘வாழ்வாதாரம் இழந்தவர்கள்’ என்றார்கள். சரியான தேர்வு. அவர்களுக்கு உறவும் ஊரும் இருந்தன, மரம்தான் இல்லை. இன்னொரு பக்கம், கோயில் வாசல் திண்ணையில் பிள்ளைகள் உட்காரவைத்துவிட்டுப் போன கிழவி பெயரில் இரண்டு மா நன்செய் இருக்கலாம். அவளுக்கு வறியவள் என்ற சொல் பொருந்தாது. பரிமேலழகரின் முதல் வரிசையில் அவளுக்கு இடம் உண்டு. மொழிபெயர்க்கும்போது இந்த இரண்டு பேரில் யார் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்லை எடுக்க வேண்டும். மரங்கள் டெஸ்டிட்யூட்டான நிலம் என்று வந்தால் மரமற்ற என்று விட்டுவிடலாம். அங்கே ஆதரவு, கதி எதுவும் வேண்டாம்.

மனு எழுதுபவர் இதையெல்லாம் படித்தவரல்ல. ஆனாலும் கைதேர்ந்தவர் ‘பரம ஏழை’, ‘தங்கள் பாதம் பணிந்து’ என்று பக்கத்தை நிரப்ப மாட்டார். கணவர் இறந்த தேதி, பிள்ளைகளின் வயது, பட்டா நிலம் இல்லை, குடியிருப்பது புறம்போக்கில் கீற்றுக் கொட்டகை, நடவு, களை, அறுப்பு என்று ஆண்டில் எத்தனை நாள் கூலி கிடைக்கிறது என்று வரிசையாகப் போடுவார். கடைசியில் ஒரு வாக்கியம்: ‘மாமியார் வீட்டிலோ பிறந்த வீட்டிலோ என்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.’ ஊருக்குள் வரும் வி.ஏ.ஓ. பக்கத்து வீட்டில் விசாரிப்பது அந்த வாக்கியத்தைத்தான்.